இரண்டு டிரம், ஒரு பொறிகூட இல்லை

என் வீட்டுக் காபி இனி நான் தயாரிக்கும் வாயுவில்தான் கொதிக்கும். சபதம் போட்டுவிட்டேன்.

“உங்க வாயுவுக்கு டிரம் வேறயா?” என்றாள் என் மனைவி பட்டு.

எல்லாம் எதிர் ஃபிளாட் ஸ்ரீவத்சனால். கரும்புச் சக்கையிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலையில் இருந்து ரிடையர் ஆனவர். நான் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் ஸ்டோர்ஸ் பார்த்தவன். சாங்வியில் எங்கள் சொஸைட்டி மராத்திக் குழந்தைகளுக்கு அவர் ‘சயின்டிஸ்ட் காகா’, அதாவது சயின்டிஸ்ட் மாமா. நான் வெறும் காகா. காக்காயைக் கூப்பிடுகிற மாதிரி.

அவர் பால்கனியில் ஒரு நீல டிரம் வைத்தார். காய்கறிக் கழிவைப் போட்டால் காஸ் வருமாம். மிச்சக் கரைசல் செடிக்கு உரமாம்.

“அவர் ஆத்துக்காரி கிருஷ்ணப்ரியா சொன்னா. அடுப்பு நீலமா எரியறதாம். மனுஷர்னா அவர் மனுஷர்” என்றாள் பட்டு.

எனக்கும் எரிந்தது. அடுப்பு இல்லை.

மறுநாளே டிரம் வாங்கினேன். அவருடையதைவிடப் பெரிது.

“தோல் கொடு.”

“யார் சீவறாளோ அவாளுக்குத்தான் தோல்.”

“நீதானே சீவுவே?”

“நான் சீவினா பெரிசு பெரிசா விழும். பொடியா இருந்தாத்தான் கிருமி திங்குமாம். ஸ்ரீவத்சன் மாமா தானே நறுக்கறாராம். உங்களுக்கு வராதுன்னா விட்டுடுங்கோ.”

வராதா. எனக்கா.

சீவினேன். நறுக்கினேன். தோலை மிக்ஸியில் அரைத்தேன். மிக்ஸியைக் கழுவினேன். பாத்திரத்தில் ஒட்டின சோறும் கிருமிக்கு நல்லது என்றாள். பாத்திரங்களும் என்னிடம் வந்தன. டிரம் நாறியது. அடுப்பில் பொறிகூட இல்லை.

“அவாத்துல இன்னிக்கு அப்பளமே பொரிச்சாச்சாம்” என்று சொல்லிவிட்டு வாக்கிங் போனாள்.

பொறுக்கவில்லை. அந்த நீலத் தீயைப் பார்த்தே தீருவது என்று எதிர் வீட்டுக்குள் நுழைந்தேன்.

ஸ்ரீவத்சன் தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த மிக்ஸி ஜாடி.

“எரியறதா ஓய்?”

“எங்கே? ஆலை வேற, டிரம் வேற. ஒரு குமிழிகூட வரலை. உம்ம ஆத்துலதான் ஜோரா எரியறதாமே. அப்பளம் வேற பொரிச்சாச்சாம்.”

“யார் சொன்னா?”

“கிருஷ்ணப்ரியா. அவகிட்ட உம்ம ஆத்துக்காரி சொன்னாளாம்.”

இருவரும் மெல்லத் திரும்பினோம். பால்கனியில், அந்த நீல டிரம்முக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, இரண்டு மாமிகளும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டு டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கேளா, நல்லதாப்போச்சு. நாளைக்கு ரெண்டு ஆத்துலயும் வாழைப்பூ.”