ஏழாவது பன்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. (இதைக்கூட எழுதித்தான் சொல்கிறேன், பாருங்கள்.) இறங்க வேண்டிய இடம் வந்தும் கண்டக்டரிடம் சொல்லத் தயங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தவன் நான். அப்படிப்பட்ட என்னை நம்பி ஒரு ரொட்டிக் கடையின் மானத்தை ஒப்படைத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்தவர்கள் சிலர் சேர்ந்து கூட்டுறவாக ஒரு பேக்கரி நடத்தினார்கள். கவுன்ட்டரில் நான், டெம்பரவரி. அடுப்படியில் கலியபெருமாள் மாஸ்டர், முத்தாண்டிக்குப்பத்துக்காரர். ஒருநாள் அவருக்குப் புது யோசனை வந்து, பன்னின் மேல் கருஞ்சீரகத்தைத் தூவினார்.

"வாசனை தூக்கும்டா. சனங்க அடிச்சிகினு வரும் பாரு" என்றார்.

முதலில் வந்தவர் சரஸ்வதி டீச்சர், திருநெல்வேலிப் பக்கம். பன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா இது, மேல கறுப்பு கறுப்பா?"

'கருஞ்சீரகம்.' ஒரே ஒரு சொல். தொண்டை வரைக்கும் வந்தது. டீச்சருக்குப் பின்னால் ஆறு பெண்கள் நின்று என் வாயையே பார்த்தார்கள். வந்த சொல் அப்படியே உள்ளே திரும்பிவிட்டது. நான் சிரித்தேன். டீச்சர் மறுபடியும் கேட்டார். இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்தேன்.

நிலக்கரிச் சுரங்கம் உள்ள எங்கள் ஊரில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் கரித்தூள் என்றுதான் முதலில் தோன்றும். அடுத்த நாளே பன்னில் கரி என்றார்கள். அந்த வாரக் கடைசியில், மாவே கரி மூட்டையில்தான் வருகிறது என்று மார்க்கெட்டில் பேச்சு. சுட்ட பன்னெல்லாம் தட்டில் அப்படியே காய்ந்தன. மாதக் கடைசிக்குள் வியாபாரம் திரும்பாவிட்டால் பேக்கரியை மூடுவது என்று கமிட்டி முடிவு செய்தது.

மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எனக்கு இந்த அடுப்ப வுட்டா வேற எதுவும் தெரியாதுடா. இந்த வயசுல கான்ட்ராக்ட்ல போயி மண்ணு அள்ள முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ராமலிங்கம் சார் அப்போதுதான் மெட்ராஸ் போய் மக்கள் தொடர்பு பற்றி ஒரு நாள் வகுப்பு கேட்டுவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு நோட்டு.

"கேள்வி வந்த அன்னிக்கே பதில் சொல்லணும்யா. நாம சும்மா இருந்தா ஊர் நமக்காகப் பேசும். சரி, போனது போகட்டும். லேடீஸை எல்லாம் கடைக்கே கூப்பிடு. அடுப்பைக் காட்டு, மாவைக் காட்டு, மனசு விட்டுப் பேசு."

"சார், நீங்க பேசினா..."

"கவுன்ட்டர்ல தினம் பார்க்கற முகம் சொன்னாத்தான் நம்புவாங்களாம். மாஸ்டர் வெளியே வரவேண்டாம். அவர் வாயைத் திறந்தா சண்டையில முடியும்."

இரண்டு பக்கம் எழுதி, மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். மூன்று நாள் குவார்ட்டர்ஸ் வாசலில் முன்னும் பின்னும் நடந்தேன். (பக்கத்து வீட்டில் எனக்குப் பல்வலி என்று நினைத்தார்கள்.) கூடவே ஒரு தந்திரமும் செய்தேன். கூட்டத்தை மத்தியானம் ஒன்றரைக்கு வைத்தேன். இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து ஆண்கள் பசியோடு வீடு திரும்புவார்கள். பெண்கள் சோறு போட ஓடிவிடுவார்கள். அரை மணி நேரம் ஒப்பேற்றினால் போதும்.

நாற்பது பெண்கள் வந்தார்கள். முன்வரிசையில் சரஸ்வதி டீச்சர். நான் வாயைத் திறந்தேன். "பெரியோர்களே" என்பது வரை வந்தது. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள்.

"பேசேன்டாப்பா" என்றார் டீச்சர்.

"பேச மாட்டேங்குது பாரு. அப்ப கரிதான்" என்றது ஒரு குரல்.

கை தானாகத் தட்டுக்குப் போனது. ஒரு பன்னை எடுத்து முழுதாகத் தின்றேன். பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். கூட்டம் அமைதியானது. பரவாயில்லையே என்று இன்னொன்று. மூன்றாவது. நாலாவது. நிறுத்தினால் பேச வேண்டுமே! பயத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அடுப்பு தகித்தது. ஏழாவது பன் பாதியில் நின்றது. அது கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. கண் இருண்டது.

நான் விழுந்ததும் சங்கு ஊதியதும் ஒன்றாக நடந்ததாகச் சொல்வார்கள். பெண்கள் வீட்டுக்கு ஓடவில்லை. சைக்கிளில் வந்த ஆண்கள்தான் கூட்டத்தைப் பார்த்து இறங்கினார்கள். பேக்கரி வாசலில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான், வாயில் பாதி பன்.

மாஸ்டர் உள்ளேயிருந்து ஓடி வந்து, என்னைப் புரட்டிப் போட்டு முதுகில் ஓர் அறை வைத்தார். பன் வெளியே வந்தது. அதோடு பத்து நாளாக உள்ளே கிடந்ததும் வந்தது.

"கருஞ்சீரகம்" என்றேன்.

மாஸ்டர் டப்பாவைத் திறந்து நீட்டினார். டீச்சர் மோந்து பார்த்தார். "அட பாவி! இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

ஆனால் அதைக் கேட்டவர்கள் நாற்பது பேர்தான். நான் கிடந்ததை மட்டும் பார்த்த சைக்கிள்கள் அதற்குள் எல்லா பிளாக்குக்கும் போய்விட்டன. சாயங்காலத்துக்குள் பன் தின்ற ஆள் செத்துப்போனான்.

ராமலிங்கம் சார் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மூடி வைத்துவிட்டு, "உயிரோட இருக்கேன்னு நீயே போய்க் காட்டுய்யா" என்றார்.

மறுநாள் சைக்கிளில் பன் கூடையைக் கட்டிக்கொண்டு பிளாக் பிளாக்காகப் போனேன். மணியடித்தால் செத்தவனைப் பார்க்க வீட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். வாசலுக்கு வாசல் "கருஞ்சீரகங்க, கருஞ்சீரகம்" என்றேன். முதல் தெருவில் எனக்கே கேட்கவில்லை. நாலாவது தெருவில் நாய் குரைத்தது. கூடை மத்தியானத்துக்குள் காலி. மாதக் கடைசியில் பேக்கரியை யாரும் மூடவில்லை. மாஸ்டர் ரிட்டையர் ஆகும்வரை அந்த அடுப்பிலேயே நின்றார்.

போன வருஷம் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சபையில் என்னைப் பார்த்து, "சம்பந்தி, நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். நாற்பது தலைகள் திரும்பின. என் கை லட்டுத் தட்டுக்குப் போயிற்று.

என் மனைவி தட்டைத் தூரமாக நகர்த்தி வைத்தாள். "ரெண்டாவது லட்டை எடுக்க விடாதீங்க சம்பந்தி. அப்புறம் முதுகுல அறையணும்."