வெறும் போர்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும்

வேற்றுக்கிரகத்து ஆட்கள் நாளைக் காலையில் பூமிக்கு வந்து இறங்கினால் என்ன செய்வது என்று எந்த வல்லரசிடமும் உருப்படியான திட்டம் கிடையாது. ஏவுகணை இருக்கும், தொலைநோக்கி இருக்கும், கமிட்டி இருக்கும். வந்தவர்களுக்கு பாத்ரூம் எங்கே என்று காட்ட ஆள் இருக்காது. அந்த விஷயத்தில் முழுத் தயாராக இருந்த ஒரே மனிதர் ராமநாதபுரம் மாவட்டம் புதுமடத்தில் இருந்தார். போர்டு பாய் என்பார்கள். பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

எனக்குச் சொந்த ஊர் திருப்புல்லாணிப் பக்கம். பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன்னால் புதுமடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஆதார் கார்டு, விசா நகல் என்று லேமினேஷன் மெஷின் ஓயாமல் ஓடும். ஒரு நாள் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, சட்டைப் பையில் மார்க்கர் பேனாவோடு ஒருவர் வந்து ஒரு தாளை நீட்டி லேமினேட் பண்ணச் சொன்னார். திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளை.

"பாய், இதுல எழுத்தே இல்லையே."

"அவுக பேரு எனக்கு எப்படித் தம்பி தெரியும்? வந்தப்புறம் கேட்டுத்தான் எழுதணும்."

எவுக என்று கேட்டேன். கையை மேலே காட்டினார். ஃபேனைக் காட்டுகிறாராக்கும் என்று நினைத்து நான் எழுந்து போய் வேகத்தைக் கூட்டி வைத்தேன்.

துபாயில் பதினெட்டு வருடம் அவருக்கு ஒரே வேலை. விமான நிலையத்தில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வந்தவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். எத்தனை தேசத்து ஆட்களை அப்படி அழைத்து வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்து இறங்குகிறவன் எவனும் சண்டைக்கு நிற்கும் முகத்தோடு வருவதில்லை என்பார். பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையையும் மூன்று தரம் படிப்பானாம். கொத்தனாரும் அப்படித்தான், கோட்டுப் போட்ட மேனேஜரும் அப்படித்தான்.

"நாலு மணி நேரம் பிளைட்டுல வாரவனே பேயறைஞ்ச மாதிரி நிக்கிறான். நாப்பது வருசமா வாரவன் எப்படி நிப்பான், யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. அதனால் தாளை லேமினேட் பண்ணிக் கொடுத்துவிட்டேன்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் தண்ணீர். அப்புறம் பாத்ரூம். அப்புறம் நிழலில் உட்கார வைக்க வேண்டும். பெயர் என்ன, எதற்கு வந்தீர்கள் என்பதெல்லாம் கடைசியில்தான். "எடுத்த எடுப்புல அதைக் கேக்குறது இமிகிரேசன் வேலை. நம்ம வேலை அது இல்ல" என்பார். சொன்னதோடு விடவில்லை. வீட்டுக் கொல்லையில், கடலைப் பார்த்து, மூன்று கழிப்பறை கட்டினார். ஒன்றில் நம்ம ஊர்க் கோப்பை, ஒன்றில் வெளிநாட்டுக் கோப்பை. மூன்றாவது, தரையில் ஓட்டை மட்டும் உள்ள வெறும் அறை. அவர்களுக்கு எது தோதுப்படுமோ தெரியாதே. உயரமும் தெரியாதாகையால் அதற்குக் கூரை போடவில்லை. அதில் அவர் வீட்டம்மா கோழி அடைத்தார்.

அந்த அம்மாவுக்கு இதில் எல்லாம் பெரிய மறுப்பு ஒன்றும் கிடையாது. எத்தனை பேர் வந்தாலும் ஆக்கிப் போடத் தயார், ஆனால் ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும், வந்து நின்றுகொண்டு தட்டை எடு என்றால் தன்னால் ஏலாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரு தரம் பாயைக் கூப்பிட்டு விசாரித்தாராம். அல்லாஹ் ஒரே ஒரு உலகத்தைப் படைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டானா என்று பாய் திருப்பிக் கேட்க, ஹஜ்ரத், நிற்கிறபோது தொப்பி போட்டுக்கொள், வெயிலாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கடற்கரைக்குப் போவார். ஒரு கையில் நான் லேமினேட் பண்ணிக் கொடுத்த தாளை அட்டையில் ஒட்டிய வெறும் போர்டு, மறு கையில் தண்ணீர் பாட்டில். இருட்டுகிற வரை நிற்பார். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பதினெட்டு வருடம் யாருக்காகவாவது காத்துக்கொண்டே இருந்த மனிதர் அவர், ஊருக்குத் திரும்பினால் காத்திருக்கச் சொல்ல ஒருத்தரும் இல்லை. அது உறைத்த பிறகு என்னால் முன்னைப்போல் சிரிக்க முடியவில்லை.

ஊர் என்னவோ விடாமல் சிரித்தது. கருப்பையா டீக்கடையில் இதே பேச்சுதான். அவர்கள் எந்தக் கட்சியில் சேருவார்கள் என்று ஒருவர் கவலைப்பட்டார். 'வருக வருக' என்று பேனர் வைத்தால் வருகிறவர் படம் பெரிதாக இருக்க வேண்டுமா, தன் படமா என்று முன்னாள் வார்டு மெம்பர் கேட்டார். தரவைப் பொட்டலில் பிளாட் போட்டால் வாங்குவார்களா என்று இன்னொருவர். படகுக்காரர் ராசு மட்டும், வருகிறவன் எவனாக இருந்தாலும் நம்ம கரையில் இழுவை மடி போட்டு மீனையெல்லாம் வாரிக்கொண்டு போகாமல் இருந்தால் சரி என்றார்.

ஒரு நாள் பாயும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பாட்டில எல்லாம் உள்ள வைங்க பாய். நம்மாளுக மொதல்ல கல்லத்தான் எடுப்பாக" என்றேன்.

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "எடுப்பாக. எறிய மாட்டாக."

"எறிஞ்சா?"

"எறிஞ்சா இந்த போர்ட உன் கடை வாசல்லயே ஒடிச்சுப் போடுறேன். அதுக்கப்புறம் கடக்கரைப் பக்கமே போக மாட்டேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை.  எதற்கடா இந்த வம்பை இழுத்தோம் என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த மாதமே சோதனை வந்தது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த சமயம். முந்தின நாள் மாலை, வானத்தில் வரிசையாகப் பத்திருபது விளக்குகள் ரயில் மாதிரி ஊர்ந்து போனதை ஊரே பார்த்திருந்தது. அது செயற்கைக்கோள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பேப்பரை யார் நம்புகிறார்கள்? விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் அவர்கள் பாம்பன் வரை வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மீன் காயப்போட்டிருந்த பெண்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைக்குப் பூட்டுக்கூடப் போடாமல் ஓடினேன். கடலுக்குள்ளிருந்து ஒன்று எழுந்து வந்துகொண்டிருந்தது. கழுத்து முதல் கணுக்கால் வரை கருப்பு ரப்பர். மண்டையில் மஞ்சள் கவசம். முகம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி, அதில் எங்கள் அத்தனை பேர் உருவமும் தெரிந்தது. உதடு பணியாரம் மாதிரி வீங்கி இருந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஏதோ சொன்னது. எந்த ஊர்ப் பேச்சிலும் சேராத சத்தம்.

கூட்டம் பத்தடி பின்வாங்கியது. ராசு துடுப்பைத் தூக்கிவிட்டார். முன்னாள் மெம்பர் பேனரை மறந்து ஒரு பாறைத் துண்டைப் பொறுக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். அது தள்ளாடிக்கொண்டு இன்னும் இரண்டு எட்டு வைத்தது. ஒரு கல் பறந்தால் போதும், பின்னாலேயே ஐம்பது பறக்கும்.

என் கையில் கனமாக ஏதோ இருந்தது. பார்த்தால் கல். எப்போது குனிந்தேன், எப்போது எடுத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஓங்கவும் செய்திருந்தேன்.

அப்போதுதான் பாய் தொழுகை முடிந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், அதைப் பார்த்தார். யாரையும் அதட்டவில்லை. நேராக என்னிடம் வந்து பாட்டிலை நீட்டினார்.

"தம்பி, இந்த மூடியக் கொஞ்சம் தொறந்து குடு. கை நடுங்குது."

உண்மையாகவே நடுங்கியது. எத்தனையோ வருடமாக இந்த ஒரு நாளுக்காக நின்ற மனிதர், எங்களைவிட அதிகமாகப் பயந்துபோய் இருந்தார். ஒரு கையால் மூடியைத் திறக்க முடியாதே. கல்லைக் கீழே போட்டேன். திறந்து கொடுத்தேன். போர்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பாய் நடந்து போனார்.

பாட்டிலை நீட்டினார். அது ஒரே மூச்சில் பாதியைக் குடித்தது. மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டது. கையால் தேய்த்ததும், வெயிலுக்குப் பூசியிருந்த வெள்ளைக் களிம்பு வழிந்து ஓடியது. கண்ணாடியைக் கழற்றியதும் உள்ளே அழுது சிவந்த இரண்டு கண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, வெள்ளைக்காரப் பையன். எனக்குப் பின்னால் டொப்பு டொப்பென்று கற்கள் மண்ணில் விழும் சத்தம் கேட்டது.

காற்றாடியைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற விளையாட்டு அந்த வருடம்தான் எங்கள் கரைக்கு வந்திருந்ததாம். கயிறு அறுந்து, ஜெல்லி மாதிரி மிதக்கிற சொறிமீன் உதட்டில் கடித்து, மூன்று மணி நேரம் மிதந்து ஒதுங்கியிருக்கிறான். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. பாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொல்லைக்குக் கூட்டிப்போய் மூன்று கதவையும் திறந்து காட்டினார். கோழிகள் வெளியே ஓடின. பையன் இரண்டாவது அறைக்குள் போனான். நிழலில் உட்கார வைத்த பிறகுதான் மார்க்கரையும் போர்டையும் கொடுத்தார். அவன் தன் பெயரை எழுதினான். அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாய் அவன் எதிரில் நின்றார். அவனுக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

அவனுடைய கூட்டாளிகள் ஜீப்பில் தேடி வந்தபோது, அவன் யார் வீட்டில் சாப்பிடுவது என்று ராசுவும் மெம்பரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாய் வீட்டம்மா ஒரு மணி நேரக் கண்டிஷனையே மறந்து ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தப் பெயர் அழியாமல் இருக்க மேலே இன்னொரு தரம் லேமினேட் பண்ணித் தருகிறேன் என்றேன். என் கண் முன்னாலேயே துணியால் துடைத்துவிட்டார். "அடுத்து வாரவுகளுக்கு எடம் வேணும்ல" என்றார். வந்தது பூமிக்காரன்தான் என்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒத்திகை நல்லபடியாக முடிந்தது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். கல் எறிவார்களா மாட்டார்களா என்று எங்களுக்குள் நடந்த பந்தயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னால்தான் பொறுக்க முடியவில்லை.

"பாய், நானும் கல் எடுத்தேன்."

"பாத்தேன். எடுப்பாகன்னுதானே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அஸருக்குக் கிளம்பினார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். பாய் இன்னமும் புதுமடத்தில்தான் நிற்கிறார், முழங்கால் வலிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் சேர்ந்திருக்கிறது. எங்கோ தொலைதூரத்து நட்சத்திரத்திலிருந்து ஏதோ சத்தம் வருகிறது, அவர்கள் வந்தால் நம் கதி என்ன என்று டி.வி.யில் பதறுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. வரட்டும். எந்தக் கரையில் வேண்டுமானாலும் இறங்கட்டும். அன்றைக்கு அங்கே போர்டு பாய் நிற்க வேண்டும், மூடியைத் திறந்து கொடுக்கப் பக்கத்தில் நானும் நிற்க வேண்டும்.