தேங்காய் நின்ற கிணறு

தாழைநாட்டில் எல்லோரும் சமம். கோட்டை வாசலில் அப்படித்தான் எழுதியிருந்தது. நிலத்துக்கு அடியில் ஓடும் நீர் மட்டும் அதைப் படித்ததில்லை.

நீர்வள அமைச்சர் மகுடபதி தம் தோட்டத்தில் தொள்ளாயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டார். அங்கிருந்து இருநூறு அடி தள்ளியிருந்த செங்கமலத்தின் பழைய நாற்பதடிக் கிணறு அந்த ஆண்டே வற்றத் தொடங்கியது. கொஞ்சம் கனகாம்பரமும் அந்தக் கிணறும்தான் அவள் பிழைப்பு. இறைக்கும் முதல் குடத்தை எப்போதும் கல்தொட்டியில் ஊற்றுவாள். யார் வீட்டு மாடும் குடிக்கலாம். அவள் அரசரிடம் முறையிட்டாள்.

"அநீதி!" என்றார் அரசர். "இனி யாராயினும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் மட்டுமே நீர் எடுக்கலாம்!"

மோட்டாருக்கும் பத்து மணி நேரம், வாளிக்கும் பத்து மணி நேரம். சபை கைதட்டியது. செங்கமலத்தின் வாளி பத்தாவது நிமிடத்தில் தரை தட்டியது.

மறுபடி முறையிட்டாள். மகுடபதி புதுச் சட்டம் வாசித்தார்: "வறண்ட கிணறுகள் நாட்டுக்கு அவமானம். பரிசோதகர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக் கிணற்றோரம் நடப்பார். அது நிமிர்ந்து நின்றால் அடியில் நீர் உண்டு. நிற்காவிட்டால் கிணறு மூடப்படும். தேங்காய் நின்ற கிணற்றுக்கு முந்நூறு அடிக்குள், அதற்குப் பின் தோண்டிய கிணறுகளும் மூடப்படும்."

தம் தோட்டத்தருகே இனி எவரும் துளை போடாதிருக்க அவரே சேர்த்தது அந்தக் கடைசி வரி.

பரிசோதகர் நாகலிங்கம் காலையில் அமைச்சர் தோட்டத்தில் நடந்தார். தேங்காய் நின்றது. அமைச்சர் சொல்லிக்கொடுத்தபடி பெருவிரலால் நெம்பியதால் நின்றது. உச்சிவெயிலில் செங்கமலத்தின் கிணற்றடிக்கு வந்தார். பின்னால் அமைச்சரும் ஊரும்.

"மொதல்ல தண்ணி குடிங்கண்ணே. மூஞ்சியே கருத்துப் போச்சு." அன்று ஊறியதில் மிஞ்சியிருந்த ஒரு செம்பை நீட்டினாள்.

"கிணத்த மூடத்தாம்மா வந்திருக்கேன்."

"அதுக்குன்னு தாகம் இல்லாமப் போயிருமா?"

குடித்தார். நடந்தார். தேங்காய் விறைப்பாக நின்றது.

"யோவ், அது எப்படிய்யா இங்க நிக்கும்?" என்று கத்தினார் அமைச்சர்.

"காலையில உங்க தோட்டத்துல நின்ன மாதிரியேதாங்கய்யா."

அமைச்சர் வாயைத் திறந்தார், சுற்றி நின்ற ஊரைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அன்று மாலையே, சட்டத்தின் கடைசி வரிப்படி, அவருடைய ஆழ்துளைக் கிணறு மூடப்பட்டது.

ஐப்பசி மழைக்குப் பின் செங்கமலத்தின் கிணற்றில் நீர் ஏறியது. சாமியைக் கும்பிட்டு முதல் குடத்தைத் தொட்டியில் ஊற்றினாள். முதலில் வந்து வாய் வைத்தவை அமைச்சரின் மாடுகள். அவள் விரட்டவில்லை.

பரிசோதகர்கள் பெருவிரலை மடக்கிக்கொண்டே நடக்க வேண்டும் என்றொரு திருத்தத்தை அமைச்சர் ஒவ்வொரு சபையிலும் கொண்டுவருகிறார். ஏன் என்று கேட்கும் அரசருக்குத்தான் அவரால் இன்னும் விடை சொல்ல முடியவில்லை.