பத்திரமாக ஒன்பது ஜோடி ஷூ

ஒரு பொருளைக் கெடுக்கிறவனை எல்லோரும் திட்டுகிறோம். கெடாமல் பார்த்துக்கொள்கிறவனை யாரும் திட்டுவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் பத்திரப்படுத்துகிறவர் என்கிற இனம் நாட்டில் இப்படிப் பெருகிக் கிடக்கிறது. உங்களுக்கு அவரைத் தெரியும். புது நாற்காலி வாங்கினால் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டார், உட்காருகிறவர்கள் வேர்த்து வழுக்கினாலும் சரி. பரிசாக வந்த பேனாவைப் பத்து வருஷம் மூடி திறக்காமல் வைத்திருந்து, ஒரு நாள் கிறுக்கிப் பார்த்துவிட்டு, மை காய்ந்துபோச்சு, இந்தக் காலத்துச் சாமானே இப்படித்தான் என்பார். நல்ல நாளுக்கு என்று ஒரு சட்டை வைத்திருப்பார். நல்ல நாள் வரும். சட்டைக்குள் அவர் நுழைய மாட்டார்.

வீட்டுக்குள் என்ன செய்தாலும் அவர் பாடு, அவர் பெண்டாட்டி பாடு. ஆனால் இந்த இனத்தில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டால்?

கோலார் மாவட்டத்து ஆண்டர்சன்பேட்டையில் அப்படி ஒருவர் புறப்பட்டார். சந்துக்குள் இருக்கும் சின்ன அரசுத் தமிழ்த் தொடக்கப் பள்ளி அது. ஐந்து வகுப்பு, நாற்பத்து மூன்று பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். அதன் மேம்பாட்டுக் குழுவுக்குத் தலைவர் பாண்டுரங்கன். ஐம்பத்தேழு வயது. ஊரின் தங்கச் சுரங்கமான மைன்ஸ் ஓடிய காலத்தில் ஸ்டோர்ஸ் கிளார்க். இப்போது பஜாரில் மச்சினனின் பாத்திரக் கடையில் உட்காருகிறார். ஸ்டோர்ஸ் கிளார்க் என்றால் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ஷாஃப்டுக்குள் இறங்குகிற ஆள் புதுக் கையுறை கேட்டால் பழையதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அதில் இரண்டு விரலாவது வெளியே தெரிய வேண்டும், தெரிந்தாலும் அடுத்த ஷிப்டில் வரச் சொல்வார். "மைன் மூடின அன்னிக்குக்கூட நம்ம ரேக்குல நூத்தி இருபது ஜோடி கிளவுஸ் புதுசா அப்டியே இருந்துச்சுங்க" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். அந்த நூற்றிருபது ஜோடிக்காக எத்தனை கைகள் கிழிந்தன என்று கேட்கத் தோன்றுகிறதா? அவருக்கு அந்தக் கேள்வியே புரியாது.

மனிதர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் முனிசிபாலிடி வாசலில் போய் நிற்பவர் அவர். ஓடு உடைந்தால் ஏணியோடு வருபவர் அவர். ஊரில் நாலு பேரிடம் பேசி, பிள்ளைகளுக்காகக் கேரம் போர்டு, கால்பந்து, ஸ்கிப்பிங் கயிறு, இரண்டு பெட்டி கதைப் புத்தகம் எல்லாம் வாங்கிச் சேர்த்தவரும் அவரே. சேர்த்தவர், பள்ளியின் மூன்றாவது அறையை ஸ்டோர்ஸ் ஆக்கி அதற்கு ஒரு பூட்டும் போட்டார். அங்கேதான் சனியன் பிடித்தது.

கேரம் போர்டு பாலித்தீன் உறைக்குள் சுவரில் தொங்கியது. அதன் காய்கள் தொலைந்துவிடக் கூடாதே என்று பாண்டுரங்கன் வீட்டில் இருந்தன. கால்பந்து வெடித்துவிடக் கூடாதே என்று காற்று பிடுங்கப்பட்டுச் சப்பையாகப் படுத்திருந்தது. கதைப் புத்தகங்களுக்கு இரண்டு அட்டை போட்டு, மேலே ஒரு கயிறும் கட்டியிருந்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் கொடுத்திருந்தார், மைன்ஸில் இருந்தது போலவே. ஸ்கிப்பிங் கயிறு வேண்டுமா? டோக்கனைக் கொடு, டீச்சரிடம் சீட்டு வாங்கு, சீட்டில் தலைவர் கையெழுத்து வாங்கு. தலைவர் எங்கே? பாத்திரக் கடையில். கையெழுத்து வந்து சேர்வதற்குள் விளையாட்டு பீரியடு முடிந்து மணி அடித்துவிடும். இரண்டு வருஷத்தில் ஒரு கயிறுகூட அறுந்ததில்லை.

கோலாரிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி இந்த அறையைப் பார்த்து அசந்துபோனார். எல்லாம் புதிதாகவே இருக்கிறதே என்று பாராட்டி, நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்துவிட்டுப் போனார். பாண்டுரங்கன் அந்தப் பக்கத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டார்.

போன வருஷம் ஜூனில் விவேக் வந்தான். அதே பள்ளியில் படித்தவன். விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிற கூட்டத்தில் ஒருவன். ரயில் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, ஓட்டப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நல்ல ஷூ வாங்கித் தருவதாகச் சொன்னான். அரசாங்கம் தருகிற கறுப்பு ஷூ வேறு, இது ஓடுவதற்கென்றே இருக்கிற ஷூ. அப்போது நாலாம் வகுப்பில் இருந்த ஒன்பது பேரையும் தினசரித் தாள் மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, கோடு போட்ட தாளைப் பெங்களூருக்கே எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்கி வந்தான். பாண்டுரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது பெட்டியையும் தன் கையால் வாங்கி, தன் கையால் ஸ்டோர்ஸ் பீரோவில் அடுக்கி, பூட்டிவிட்டார்.

"இப்பவே குடுத்தா மைன்ஸ் கழிவு மண்ணு கொட்டின சைனைடு மேட்டுல ஏறி இறங்கி நாலு நாள்ல நாசம் பண்ணிடுவாங்க தம்பி. ஆகஸ்டுல தாலுகா ஸ்போர்ட்ஸ் அன்னிக்குக் குடுப்போம்."

அந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் அன்றைக்கு மழை. மைதானம் குளமாகி, போட்டியே நடக்கவில்லை. ஷூ பீரோவிலேயே இருந்தது.

ஒன்பது பேரில் ஸ்வாதி என்று ஒரு பெண். அவள் ஓடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சந்துமுனைக் குழாயிலிருந்து சர்ச் வாசல் வரைக்கும், பையன்கள் பாதித் தூரம் வருவதற்குள் அவள் போய்த் திரும்பிவிடுவாள், அதுவும் வெறுங்காலோடு. தாலுகா போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் கோலாரில் மாவட்டப் போட்டி. அங்கே நன்றாக ஓடினால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைக்கலாம் என்று தலைமையாசிரியை ஷோபா டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவளுக்கு கோலாரே நினைப்பு. வாரம் தவறாமல் பாத்திரக் கடைக்கு வந்து நிற்பாள்.

"சார், ஷூ..."

"பத்திரமா இருக்கு கண்ணு."

"ஒரு தபா போட்டு ஓடிப் பாக்கறேன் சார்."

"போட்டா பழசாயிடும்மா."

மதிய உணவு சமைக்கிற பாப்பம்மா ஒரு நாள் கரண்டியும் கையுமாக ஸ்டோர்ஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். "இன்னா பிரசிடெண்டு, வர்ற ஆகஸ்டு வரைக்கும் இதப் பூட்டியே வெப்பீங்களா? புள்ளைங்க காலு வளருதுங்க. உங்க பீரோக்குள்ள ஷூவும் வளருமா?"

"நீ போய் சாம்பாரப் பாரு பாப்பம்மா."

பாப்பம்மா போய் சாம்பாரைப் பார்த்தாள். சாம்பார் அன்று நன்றாகவே இருந்தது.

இந்த வருஷம் ஆகஸ்டில் மழை விட்டுக்கொடுத்தது. தாலுகா போட்டி மைதானத்தில் வண்ணக் கொடி, மைக், வேலூர் பக்கத்துத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த இரைச்சல். விவேக் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். இப்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஒன்பது பேரையும் பாண்டுரங்கன் வரிசையாக உட்காரவைத்தார். பெட்டிகளைத் திறந்தார். பார்க்க வேண்டுமே, தூசி கிடையாது, ஒரு சுருக்கம் கிடையாது, உள்ளே திணித்திருந்த காகிதம்கூடக் கசங்கவில்லை. கடையிலிருந்து நேற்று வந்தது போல மின்னின. கால்கள்தான் நேற்று வந்தவை இல்லை.

முதல் பையனுக்குக் குதிகால் ஏறவில்லை. இரண்டாமவன் நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தான். பாதி ஏறி நின்றுவிட்டது. ஒன்பது பேர், பதினெட்டுக் கால், ஒன்றும் நுழையவில்லை. ஸ்வாதி விரல்களைச் சுருட்டிப் பார்த்தாள். பிறகு ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"பரவாயில்ல சார், வெறுங்காலோட ஓடட்டும்" என்றார் ஷோபா டீச்சர். "அவ எப்பவும் அப்படித்தான ஓடறா."

அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா? விவேக் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றது பாண்டுரங்கனுக்கு முள்ளாகக் குத்தியது. ஜென்மத்தில் முதல் தடவையாகத் தன் பத்திரப்படுத்தலில் ஏதோ பிசகு என்று தோன்றியது. அதைச் சரிசெய்ய அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: இன்னும் பத்திரமாக இருக்கும் ஒன்றை எடுத்துவருவது. வண்டியை உதைத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய அட்டைப்பெட்டி. உள்ளே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பாண்டுரங்கன் ஐந்தாவது படித்தபோது இதே மைதானத்தில் நூறு மீட்டர் ஓடி ஜெயித்து வாங்கிய பரிசு. அவர் அப்பாவும் ஸ்டோர்ஸ்காரர்தான். "நல்ல நாளுக்குப் போடலாம்" என்று மகன் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் வைத்தார். நாற்பத்தேழு வருஷமாக ஒரு தடவைகூட மண்ணில் படவில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பாண்டுரங்கன் அதை எடுத்து, வெள்ளைப் பாலிஷ் போட்டு, நாலு பூச்சி உருண்டையோடு திரும்ப உள்ளே வைத்துவிடுவார். பெற்ற மகளுக்குக்கூட அவர் அதைக் கொடுத்ததில்லை. இன்றைக்குக் கொடுத்தார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

"வேணாம் சார்" என்றாள் ஸ்வாதி. "வெறுங்காலே போதும்."

"போடு கண்ணு. இது ஜெயிச்ச ஷூ."

மண்டியிட்டு அவரே மாட்டிவிட்டார். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. லேஸைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கொடி வைத்திருந்தவர் கன்னடத்தில் "பேக பன்னி, பேக", சீக்கிரம் வாங்க என்று அவசரப்படுத்தினார். ஸ்வாதி ஷூ பழகாத காலோடு தத்தித் தத்திப் போய்க் கோட்டில் நின்றாள். பாண்டுரங்கன் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

விசில்.

முப்பது மீட்டர் வரைக்கும் அவளுக்குப் பக்கத்தில் ஆளில்லை. அதன் பிறகு அவளுடைய இடது கால் மேலே வந்தது, ஷூவின் அடிப்பாகம் வரவில்லை. நாற்பத்தேழு வருஷத்து ரப்பர் அப்பளமாக நொறுங்கித் தரையிலேயே தங்கிவிட்டது. வலது அடி பாதி பிய்ந்து, பட் பட் என்று தரையில் அடித்துக்கொண்டே வந்து, அறுபதாவது மீட்டரில் அவளையே தடுக்கிவிட்டது. விழுந்தாள். எழுந்தாள். முழங்காலில் ரத்தத்தோடு ஓடி, இரண்டாவதாக வந்தவளுக்கு ஒரே ஓர் எட்டுப் பின்னால் போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாவது இடத்துக்கு கோலார் கிடையாது.

அவள் அழவில்லை. பாதத்தைச் சுற்றி மிச்சமிருந்த கேன்வாஸ் துணியை அவிழ்த்து, தரையில் கிடந்த ரப்பர் துண்டுகளையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு பாண்டுரங்கனிடம் வந்து நீட்டினாள்.

"வெறுங்காலோட ஓடியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன் சார்."

துண்டுகளைப் பாண்டுரங்கன் இரண்டு கையாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஷோபா டீச்சர் வந்து உள்ளங்கையை விரித்து நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று பாண்டுரங்கனுக்குப் புரிந்தது. இடுப்பிலிருந்து ஸ்டோர்ஸ் சாவியை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தார்.

வைத்துவிட்டுச் சும்மா இருந்தாரா? "டீச்சர், அந்த ஒம்பது ஜோடியும் இப்ப நாலாவது படிக்கிற புள்ளைங்களுக்குச் சரியா இருக்கும். பத்திரமா வெச்சிருந்து, அடுத்த வருஷம் ஸ்போர்ட்ஸ் அன்னிக்கு..."

"நாளைக்குக் காலையில சார்" என்றார் ஷோபா டீச்சர்.

மறுநாள் காலை நாலாம் வகுப்புக்கு ஷூ வந்தது. பத்தாவது நிமிஷம் அந்த ஷூக்கள் குழாயடிச் சேற்றில் குதித்துக்கொண்டிருந்தன. பாண்டுரங்கன் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். ஒவ்வொரு குதிக்கும் நெஞ்சில் ஓர் இடி. ஒரு கட்டத்தில் துடைத்துவிடலாம் என்று கைக்குட்டையை வெளியே எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ தெரியாது, அதை மடித்துப் பையிலேயே வைத்துக்கொண்டார். படியில் முழங்கால் கட்டோடு உட்கார்ந்திருந்த ஸ்வாதி, அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. அதற்கு அவரும் குறைப்படவில்லை. நொறுங்கிய ரப்பர் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி அதே அட்டைப்பெட்டிக்குள் வைத்திருப்பதாகக் கேள்வி. பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா?

பாண்டுரங்கனைப் பார்த்துச் சிரித்தாயிற்றா? நல்லது. அவர் பள்ளிக்கூடத்துச் சாவியாவது கொடுத்துவிட்டார். நீங்கள் கொஞ்சம் எழுந்து போய் உங்கள் பீரோவைத் திறங்கள். மேல் தட்டில், துணிகளுக்குப் பின்னால், உங்கள் பிள்ளைக்கென்று ஆசை ஆசையாக வாங்கி, வீணாக்கிவிடும், கொஞ்சம் பொறு, நல்ல நாள் வரட்டும் என்று வைத்த பெட்டி ஒன்று இருக்கும். இல்லை என்று சொல்லாதீர்கள், இருக்கும். அதை எடுத்துப் பெட்டியில் போட்டிருக்கும் சைஸைப் படியுங்கள். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுக் காலைப் பாருங்கள்.