துண்டுச்சீட்டில் ஒரு தொப்பை

மனைவியின் கைப்பையில் ஊக்கு தேடிய டெய்லர் மாஸ்டரின் கையில் சிக்கியது ஒரு துண்டுச்சீட்டு. அவள் கையெழுத்து. கழுத்து பதினாறரை, மார்பு நாற்பத்திரண்டு, வயிறு நாற்பத்து நான்கு, இடது தோள் அரை இஞ்சு இறக்கம்.

சந்தேகமே இல்லை, ஆம்பிளைச் சட்டைக்கான அளவு.

தன் அளவு மாஸ்டருக்கு மனப்பாடம். கல்யாணச் சட்டைக்கு எடுத்தது; வயிறு முப்பத்திரண்டு. அப்படியானால் இந்தத் தொப்பைக்காரன் யார்? தோள் இறக்கம்வரை அளந்திருக்கிறாள் என்றால் எவ்வளவு ஒட்டி நின்றிருப்பாள்? தான் மதியம் குறட்டை விடும் நேரத்தில்தான் இந்தக் கூத்து நடந்திருக்க வேண்டும் என்று கணக்காகப் பிடித்துவிட்டார்.

இருபது வருஷமாக அந்த வீட்டில் "சாப்பிடறீங்களா?", "ம்" என்பதைத் தாண்டிப் பேச்சு கிடையாது. போனால் போகட்டும் என்று நினைத்துப் பார்த்தார். முடியவில்லை. அவள் போய்விட்டால் அந்த "ம்"மை யாரிடம் சொல்வது?

ஆளைக் கண்டுபிடித்தே தீருவது என்று கிளம்பினார். முதலில் மாட்டியவர் தபால்காரர்.

"சார், ஒரு அளவு எடுத்துக்கறேன்."

"எதுக்கு?"

"உங்களுக்கு ஒரு சட்டை தைச்சுத் தரணும்னு ரொம்ப நாள் ஆசை."

வயிறு முப்பத்து நான்குதான். ஆனால் டெய்லர் ஓசியில் சட்டை தைக்கிறார் என்ற செய்தியை அந்த மனிதர் தபாலோடு தபாலாக வீடுவீடாகக் கொடுத்துவிட்டார். மறுநாள் கடை வாசலில் வரிசை. எனக்கொன்று, எங்கப்பனுக்கொன்று என்பார்களே, எதிர்வீட்டுக்காரர் நிஜமாகவே அப்பாவைக் கூட்டி வந்திருந்தார்.

பாட்டு வாத்தியாருக்கு வயிறு சரியாக நாற்பத்து நான்கு. மாஸ்டர் டேப்பைத் தோளுக்குக் கொண்டுபோனார். ஆனால் இறங்கியிருந்தது வலது தோள்.

"இன்னிக்குத்தான் கடை கலகலன்னு இருக்கு" என்று மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. இந்தக் கும்பலில் எவனைப் பார்த்துச் சிரிக்கிறாள்?

சாயங்காலம் கடையில் மிஞ்சியது இரண்டு பேர்: பதினேழு ஓசிச் சட்டைக்கு வாக்குக் கொடுத்த மாஸ்டரும், பொத்தான் துளை தைக்கிற காஜா அக்காவும்.

"அவகிட்டயே கேட்டுடறேன்" என்று மாஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தார். சட்டைப் பொத்தான் தெறித்துச் சுவரில் போய் விழுந்தது.

"சே, நூலே சரியில்ல."

"நூல் என்ன பண்ணும்? உங்க வீட்டம்மாவும் எத்தனை பொத்தான்தான் தைப்பாங்க? நில்லுங்க, அளவு எடுக்கறேன்."

"என் அளவு எனக்குத் தெரியாதா?"

காஜா அக்கா கேட்கவில்லை. டேப்பை அவர் வயிற்றைச் சுற்றி இழுத்தாள், தோளில் வைத்தாள், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தாள்.

"வயிறு நாப்பத்தி நாலு, இடது தோள் அரை இஞ்சு எறக்கம், மாஸ்டர்."