தகுந்த காரணத்தோடு ஒரு ராஜினாமா

வேலையில் சேரத் தெரிந்த எல்லோருக்கும் வேலையை விடத் தெரிந்துவிடாது. எனக்குத் தெரியாது என்பது ஏற்காட்டு மலையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

எண்பதுகளில் வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் மேனேஜர். என் வேலை ஒப்பந்தத்தை எழுதியவர் மனைவியின் அண்ணன், சேலத்தில் வக்கீல். அதில் ஒரு ஷரத்தைச் செருகியிருந்தார். முதலாளி என் அதிகாரத்தைக் குறைத்தால் நான் எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் அவர் அதைச் சரிசெய்யாவிட்டால், நான் 'தகுந்த காரணத்தோடு' ராஜினாமா செய்யலாம். அவரே என்னை வேலையிலிருந்து அனுப்பியதாகக் கருதி ஆறு மாதச் சம்பளம் தர வேண்டும். முதலாளி அதைப் படித்துப் பார்க்காமல் (அல்லது என்னைப் படித்துப் பார்த்துவிட்டு) கையெழுத்துப் போட்டார்.

பிறகு அவருடைய மருமகன் வந்து இறங்கினார். என் அறை, என் ஜீப், ஆட்களை வைக்கும் அதிகாரம் எல்லாம் அவரிடம் போயின. எனக்கு மிஞ்சியது காப்பிப் பழம் அரைக்கும் கொட்டகையில் ஒரு முக்காலி. அவமானத்தில் இரண்டு வேளை சாப்பிடவில்லை. (மூன்றாவது வேளை கறிக்குழம்பு.)

முறையிட்டேன். மாதம் முடிந்தது. முக்காலி அப்படியே இருந்தது.

"அருமையான காரணமுங்க மாப்ள!" மச்சானுக்கு என்னைவிடச் சந்தோஷம். "நேர்ல போயி, வேலைய உட்டுட்டேன்னு ஒரே வார்த்தை சொல்லிப்போட்டு வந்துருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மகளைச் சேலத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது என் மனைவியின் கனவு. அந்த ஆறு மாதச் சம்பளம்தான் அதற்கு வழி. அவள் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். நான் முதலாளி வீட்டுக்குக் கிளம்பினேன்.

"ஏனுங்க மேனேஜர், இந்த மழையில நனஞ்சுட்டு வந்திருக்கீங்க? மொதல்ல காப்பி குடிங்க."

குடித்தேன். முறுக்கு வந்தது. தின்றேன். அதன்பின் அறை போனது, ஜீப் போனது, மானம் போனது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நொம்ப கஷ்டந்தானுங்க" என்றார்.

அந்த ஒரே வார்த்தையைச் சொல்ல எழுந்து நின்றேன். பெரிய மனிதர் வீட்டு வாசலில், வயிற்றில் அவர் வீட்டு முறுக்கோடு நிற்பவன் என்ன சொல்வானோ அதைத்தான் சொன்னேன்.

"அப்ப போயிட்டு வரேனுங்க."

"மவராசனா போயிட்டு வாங்க. எப்ப வருவீங்க?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதானே மரியாதை?

"திங்கக்கெழமைங்க."

மறுநாள் எஸ்டேட் முழுக்க, மேனேஜர் லீவில் இருப்பதாகச் சேதி. என் மனைவி மூட்டைகளைப் பிரித்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சத்தத்தோடு அலமாரியில் வைத்தாள். மச்சான்தான் பேசினார்.

"எல்லாத்துக்கும் ஷரத்து எழுதலாமுங்க மாப்ள. உங்க வாய்க்கு எப்புடிங்க எழுதறது?"

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மார்கழிக் குளிர் தாங்காமல் மருமகன் மலையிறங்க, ஜீப் திரும்பி வந்தது. காரணமும் செத்தது. மகள் ஏற்காட்டிலேயே படித்தாள். அவள் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அந்த மகளே பிற்பாடு பெங்களூரில் முதல் வேலையை விட முடிவு செய்து, அலுவலகத்துக்குக் கிளம்புமுன் போன் செய்தாள். எந்த வீட்டிலும் பெண்பிள்ளையைச் சொல்லவிடாத வார்த்தையை அவள் அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"உங்கப்பா மாதிரி போயிட்டு வரேன்னு மட்டும் சொல்லிப்போடாத கண்ணு. போறேன்னு சொல்லு. போறேன்!"