நீ போட்ட சத்தத்தில் பிறந்த பேத்தி

மேற்குத் தாம்பரம்,
வெள்ளிக்கிழமை

பேரன்புள்ள நஃபீசா அக்காவுக்கு,

தம்பி ஜாபரின் ஸலாம். வேலூரில் நீயும் மச்சானும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே எல்லோரும் நலம். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். போனில் நீ என்னை முழுதாகச் சொல்ல விடமாட்டாய், அதனால் கடிதம்.

அன்று வீடியோ காலில் என் மகள் ஃபாயிசாவைப் பார்த்ததும், "என்னடா இது, புள்ளை முகம் இப்படி ஊதியிருக்கு? தலைவலின்னு வேற சொல்றா. உடனே பிரஷர் பாருடா!" என்று நீ கத்தினாயே, எட்டாம் மாதக் களை என்று பூரித்துக் கிடந்த எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால், "கண்ணும் மங்கலாத் தெரியுது வாப்பா" என்று அவள் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருமகன் சுஃபியான் மஸ்கட்டில், இவள் உம்மா மேடவாக்கத்தில் கல்யாண வீட்டில், நான் என்ன செய்ய, தெருமுனை ஆட்டோக்காரர் சிட்டிபாபுவைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிப் பையோடு ஏறி உட்கார்ந்து "சீக்கிரம் போப்பா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "இன்னா பாய் இது, பொண்ண வூட்லயே வுட்டுட்டு யாருக்கு பிரசவம் பாக்கப் போற?" என்றார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் நூற்றெழுபது. டாக்டர் ஜெயசீலி ஊசி போடச் சொன்னதும் நான் குறுக்கே விழுந்து, "மேடம், மருந்து குழந்தையைப் பாதிக்காதா?" என்றேன்.

"சார், மருந்து இல்ல, இந்த பிரஷர்தான் பாதிக்கும். குழந்தைக்குப் போற ரத்தம் குறைஞ்சிருக்கு, வளர்ச்சியும் குறைஞ்சிருக்கு. அம்மாவுக்கு ஃபிட்ஸ் வரலாம். கர்ப்பத்துல குடுக்கக்கூடிய மருந்துதான் குடுக்கறோம். நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

எங்கே உட்கார? நின்றபடியே ஓதிக்கொண்டிருந்தேன். பிரஷரை இறக்கினார்கள், வலிப்பு வராமலிருக்க மருந்து ஏற்றினார்கள், குழந்தையின் நுரையீரல் பலப்பட ஊசி போட்டு, இரண்டு நாள் தள்ளி ஆபரேஷன் செய்தார்கள். பேத்தி, அக்கா! ஒன்றரைக் கிலோ. நம் ஹார்டுவேர் கடையில் ஆணிப் பொட்டலம்கூட இதைவிடக் கனமாக இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தவளிடம் விரலை நீட்டினேன், இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் அழ ஆரம்பித்ததும் நர்ஸ், "மொதல்ல கை கழுவினீங்களா சார்?" என்றாள்.

இப்போது தாயின் நெஞ்சுச் சூட்டிலேயே கிடந்து இரண்டு கிலோவைத் தொட்டுவிட்டாள். நாளை வீட்டுக்கு வருகிறோம். ஃபாயிசாவுக்கு மாத்திரை இன்னும் கொஞ்ச நாள் தொடரும், பிரஷரும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "லேட்டா வந்திருந்தா ரெண்டு பேருக்குமே ஆபத்து" என்றார் டாக்டர். நீ கத்தியிராவிட்டால் நான் வந்தே இருக்க மாட்டேன், அக்கா. அதனால் குழந்தைக்கு உன் பெயர்தான். முடிவு செய்துவிட்டேன், மாற்ற ஒருவராலும் முடியாது.

உன் கண்ணுக்கும் தொண்டைக்கும் குறைவில்லாத பலத்தை அல்லாஹ் தரட்டும்.

உன் தம்பி,
ஜாபர்

பி.கு.: ஃபாயிசாவும் சுஃபியானும் போனிலேயே பேசி, பிறப்புச் சான்றிதழுக்கு 'இரம்' என்று பெயர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம், இப்போதுதான் சொல்கிறார்கள். உன் பெயருக்காக வார்டே அதிரப் போராடினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டர் ஃபாயிசாவின் பிரஷரைப் பார்த்தார், சரியாக இருந்தது. என்னுடையதைப் பார்த்தார், மாத்திரை எழுதிவிட்டார். இனி நான் உரக்கப் பேசக் கூடாதாம். நீயே நேரில் வந்து கத்து.